நடு ஆற்றில் எஞ்சின் நின்றுவிட்டால் என்ன செய்வது?

கேள்வி இது: "குடும்பத்தோடு நான்கு பேர் ஒரு சின்ன ஃபைபர் படகில் ஆற்றில் போனோம். பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின், தனியாக ஒரு பெட்ரோல் டேங்க். இருபது நிமிடம் நன்றாக ஓடியது. அப்புறம் இரண்டு முறை திணறி நின்றுவிட்டது. கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆகி, கொஞ்ச தூரம் ஓடி, மறுபடி நின்றது. அதற்குள் ஆறு எங்களை வெகுதூரம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. கடைசியில் வேறொரு படகு கட்டி இழுத்து வந்தது. மெக்கானிக் பட்டறையில் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்கிறார். நாங்கள் எங்கே தவறினோம்? அடுத்த முறை எப்படித் தயாராவது?"

உங்கள் எஞ்சினுக்கு என்ன வந்திருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன். அதைவிட முக்கியமான ஒன்று உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. எஞ்சின் நின்றதும் எல்லோருடைய கவனமும் எஞ்சின் மேல் போய்விட்டது. ஆற்றை யாரும் பார்க்கவில்லை. உங்களை மட்டும் சொல்லவில்லை. பல வருடம் படகு ஓட்டியவர்களும் இதே தவறைச் செய்து பார்த்திருக்கிறேன்.

ஏரியில் எஞ்சின் நின்றால் படகு ஏறக்குறைய அங்கேயே மிதக்கும். நிதானமாகக் கழற்றிப் பார்க்கலாம். ஆறு அப்படி விடாது. மணிக்கு 4 கிலோமீட்டர் வேகம் என்பது மனிதர் சாதாரணமாக நடக்கும் வேகம்தான். கரையிலிருந்து பார்த்தால் அமைதியான ஆறு என்றுதான் சொல்வோம். அந்த ஆறு ஒரு நிமிடத்தில் உங்களை 65 மீட்டருக்கு மேல் நகர்த்திவிடும். பத்து நிமிடம் குனிந்து கயிறு இழுத்தால் 650 மீட்டருக்கு மேல். அந்தத் தூரத்துக்குள் ஒரு பாலத்தூண், விழுந்து கிடக்கும் மரம், ஒரு தடுப்பணை எது வேண்டுமானாலும் இருக்கலாம். அதனால் ஆற்றில் எஞ்சின் நின்றால் முதல் வேலை படகைப் பிடித்து நிறுத்துவது. எஞ்சின் அதற்கு அப்புறம்தான்.

எஞ்சின் சத்தம் அடங்கினாலும் படகுக்குக் கொஞ்ச நேரம் ஓட்டம் இருக்கும். சின்னப் படகில் அது சில நொடிகள்தான், ஆனால் அந்த நொடிகள் விலைமதிப்பில்லாதவை. அப்போது எஞ்சினைத் திருப்பினால் படகு இன்னும் திரும்பும். போக்குவரத்துத் தடத்திலிருந்து விலகி, கிட்ட இருக்கும் கரைப் பக்கமாக முனையைத் திருப்பிவிடுங்கள். உடனே எல்லோரும் உட்கார வேண்டும், லைஃப் ஜாக்கெட் போடாதவர்கள் போட வேண்டும். ஒருவருக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள்: கீழே, ஆறு போகும் திசையில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பது. குழந்தைகூட இதைச் செய்யலாம், பயமும் குறையும்.

அந்த நேரத்தில் எல்லோரும் பின்பக்கம் ஓடி எஞ்சினை எட்டிப் பார்க்கக் கூடாது. சின்னப் படகில் எஞ்சின் எடை ஏற்கெனவே பின்னால்தான் இருக்கிறது. எஞ்சினை மாட்டும் பின்பலகை பல படகுகளில் மற்ற பக்கங்களைவிடத் தாழ்வாக வெட்டப்பட்டிருக்கும். மூன்று பேர் அங்கே போய் நின்றால் ஓர் அலை போதும், தண்ணீர் உள்ளே வந்துவிடும். எஞ்சினைப் பார்ப்பவர் ஒருவர், மற்றவர்கள் நடுவில்.

அடுத்தது நங்கூரம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஆற்றில் ஓடும் பல சின்னப் படகுகளில் நங்கூரம் பெயருக்குத்தான் கிடக்கிறது. ஆறடிக் கயிற்றில் கட்டிய இரும்புத் துண்டு நங்கூரம் ஆகாது. நங்கூரம் தன் எடையால் மட்டும் பிடிப்பதில்லை. அதன் கொக்கிகள் அடித்தரையில் புதைய வேண்டும், அதற்குக் கயிறு படுத்த கோணத்தில் இழுக்க வேண்டும். கயிறு செங்குத்தாக நின்றால் படகு ஒவ்வொரு முறை எழும்போதும் நங்கூரத்தைப் பிடுங்கி எடுத்துவிடும். ஆழத்தைப்போல ஐந்திலிருந்து ஏழு மடங்கு கயிறு விட வேண்டும் என்பது பழகிய கணக்கு. மூன்று மீட்டர் ஆழம் என்றால் 15 முதல் 21 மீட்டர். நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் இரண்டு மீட்டர் சங்கிலி இருந்தால் பிடிப்பு இன்னும் நன்றாக இருக்கும். மணலுக்கும் சேற்றுக்கும் அகலத் தகடு உள்ள நங்கூரம் நல்லது. பாறை அடித்தரையில் நான்கு கொக்கி வைத்தது பரவாயில்லை.

நங்கூரத்தை எப்போதும் படகின் முன்முனையிலிருந்து மட்டுமே இறக்குங்கள். பின்பக்கத்தில் கட்டி இறக்கினால் தாழ்வான பின்பலகை நீரோட்டத்தை எதிர்கொள்ளும். கயிறு அதை இன்னும் கீழே இழுக்கும். தண்ணீர் அதன்மேல் ஏறி உள்ளே கொட்டும். நீரோட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். வேகமான ஆற்றில் பின்பக்க நங்கூரம் ஒரு நிமிடத்தில் படகைக் கவிழ்த்துவிடும். எஞ்சின் பின்னால் இருக்கிறது, நிற்பவரும் பின்னால் நிற்கிறார், கைக்கு எட்டுவது பின்கொக்கிதான். அதனாலேயே இந்தத் தவறு நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

இறக்கும் முன் கயிற்றின் மறுமுனை படகில் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பதற்றத்தில் கட்டாமலே வீசி, நங்கூரமும் கயிறும் சேர்ந்து ஆற்றோடு போனதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சுருட்டிய கயிற்றுக்குள் கால் வைக்கக் கூடாது. சுழற்றி எறிய வேண்டாம். மெதுவாக இறக்கி, அடியில் தட்டியதும் கயிற்றை விட்டுக்கொண்டே போய், பிறகு கட்டுங்கள். கையெட்டும் இடத்தில் ஒரு கத்தி இருக்கட்டும். மேலிருந்து பெரிய மரக்கட்டை மிதந்து வந்து கயிற்றில் மாட்டினால் அறுத்துவிடத் தயங்காதீர்கள். சரக்குப் படகுகள் போகும் தடத்தின் நடுவில் மட்டும் நங்கூரம் போடக் கூடாது. அவை நினைத்த இடத்தில் நிற்காது, முன்னால் இருக்கும் சின்னப் படகு அவற்றின் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம்.

நங்கூரம் இல்லை, அல்லது பிடிக்கவில்லை என்றால் துடுப்பு. இரண்டு துடுப்பு இல்லாமல் எஞ்சின் படகை ஆற்றில் இறக்கவே கூடாது என்பது என் கருத்து. ஆனால் துடுப்பை எடுத்ததும் பலர் நீரோட்டத்தை எதிர்த்துப் போராடத் தொடங்குகிறார்கள். எஞ்சின் தொங்கும் படகைத் துடுப்பால் ஓட்டத்துக்கு எதிரே கொண்டுபோவது ஏறக்குறைய முடியாத காரியம். முனையைக் கொஞ்சம் ஆறு வரும் திசை நோக்கி, கரைப் பக்கம் சாய்வாக வைத்துத் தள்ளுங்கள். ஆறு கீழே இழுத்துக்கொண்டே இருக்கும், படகு குறுக்கே நகர்ந்து கரை சேரும். கொஞ்சம் கீழே போய்ச் சேர்ந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

எந்தக் கரை? ஆறு வளையும் இடங்களில் வெளிவளைவில் ஓட்டம் வேகமாகவும் ஆழமாகவும் இருக்கும். கரை அரித்துப்போய், மரங்கள் வேரோடு சாய்ந்து கிடப்பதும் அங்கேதான். உள்வளைவில் வேகம் குறைந்து மணல் படிந்திருக்கும். சும்மா விட்டால் ஆறு உங்களை வெளிவளைவுக்குத்தான் கொண்டுபோகும். அதனால் வளைவு கண்ணில் பட்டதுமே உள்வளைவை நோக்கித் துடுப்புப் போடத் தொடங்கிவிடுங்கள்.

விழுந்த மரத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கிளைகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து போய்விடும், படகும் மனிதரும் போக முடியாது. வடிகட்டியில் சிக்கிய மாதிரி ஓட்டம் உங்களை அதோடு சேர்த்து அழுத்தும். மோதுவது தவிர்க்க முடியாது என்றால், எல்லோரும் மோதும் பொருளை நோக்கிச் சாயுங்கள். பயத்தில் உடம்பு எதிர்ப்பக்கம், அதாவது ஓட்டம் வரும் பக்கம் சாயத்தான் பார்க்கும். அப்படிச் சாய்ந்தால் அந்த விளிம்பு தாழ்ந்து தண்ணீர் உள்ளே பாய்ந்து படகு கவிழும். தடுப்பணை இன்னும் மோசம், ஏனென்றால் மேலிருந்து வருபவருக்கு அது தெரியவே தெரியாது. ஆற்றின் குறுக்கே மழமழவென்று ஒரு நேர்க்கோடு, அதற்கு அப்பால் தண்ணீர் காணாமல் போன தோற்றம், அவ்வளவுதான். விழுந்த தண்ணீர் அடியில் சுழன்று திரும்பவும் அணைப் பக்கமே வருவதால், உள்ளே விழுந்தவர் வெளியே வர முடியாமல் சிக்கிக்கொள்வார். தடுப்பணை எங்கே இருக்கிறது என்று புறப்படும் முன்பே விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். எஞ்சின் நின்ற இடத்துக்குக் கீழே அப்படி ஒன்று உண்டு என்று தெரிந்தால், எஞ்சினைத் தொடாமல் கரை சேரும் வேலையை மட்டும் பாருங்கள்.

யாராவது தண்ணீரில் விழுந்துவிட்டால் மல்லாந்து, கால்கள் ஓட்டம் போகும் பக்கம், பாதங்கள் மேலே தெரிகிற மாதிரி மிதக்க வேண்டும். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்க முயலக் கூடாது. பாறை இடுக்கில் பாதம் சிக்கினால் ஓட்டம் ஆளை முன்னால் தள்ளி மூழ்கடித்துவிடும்.

சரி, படகு நின்றுவிட்டது. இப்போது எஞ்சின்.

கயிற்றைத் தொடும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: எஞ்சின் எப்படி நின்றது? ஸ்விட்ச் போட்டு அணைத்த மாதிரி பட்டென்று நின்றால் மின்சாரப் பக்கம் பாருங்கள். திணறி, இருமி, வேகம் குறைந்து நின்றால் எரிபொருள். அலாரம் அடித்து, தானாகவே வேகம் இறங்கி நின்றால் சூடு. 'டங்' என்று ஓர் அடி கேட்டால் கீழே எதிலோ பட்டிருக்கிறது. எஞ்சின் ஓடுகிறது, படகு நகரவில்லை என்றால் ப்ரொப்பெல்லர். இந்த ஒரு கேள்வி பாதி நேரத்தை மிச்சப்படுத்தும்.

பட்டென்று நின்ற எஞ்சினில் முதல் சந்தேகம் கில் ஸ்விட்ச் மேல், அதாவது ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை அணைக்கும் ஸ்விட்ச். ஓட்டுபவர் கையிலோ இடுப்பிலோ மாட்டும் அந்தச் சிவப்புச் சுருள் கயிற்றின் கிளிப் எஞ்சினில் நழுவியிருந்தால், எத்தனை முறை இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகாது. யாருடைய காலாவது பட்டு அது கழன்றிருக்கும். அதே கிளிப்பில் உபரியாக ஒன்று படகில் இருக்க வேண்டும். ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால் கிளிப்பும் அவரோடு போய்விடும். படகில் மிச்சமிருப்பவர்கள் எஞ்சினை ஸ்டார்ட் செய்து அவரை மீட்க வேண்டாமா? அடுத்து கியர் நியூட்ரலில் இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலான எஞ்சின்கள் கியரில் ஸ்டார்ட் ஆகாது. பேட்டரி ஸ்டார்ட் என்றால் முனைகள் தளர்ந்திருக்கிறதா, பச்சை பூத்திருக்கிறதா, ஃபியூஸ் போயிருக்கிறதா என்று பாருங்கள். சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று மட்டும் கேட்பதற்குப் பல நேரம் தளர்ந்த முனைதான் காரணம்.

எரிபொருள் விஷயத்துக்கு வருவோம். நடு ஆற்றில் நிற்கும் சின்ன எஞ்சின்களில் நான் பார்த்தவரை பெரும்பாலானவை இந்த வகைதான். கையாலேயே சரிசெய்யக்கூடியவையும் இவைதான். தனி டேங்க் வைத்த எஞ்சினில் பெட்ரோல் போகும் வழியை மனதில் வரைந்துகொள்ளுங்கள்: டேங்க், மூடியில் காற்றுத் திருகு, ஹோஸ், நடுவில் கையால் அழுத்தும் ரப்பர் பல்ப், எஞ்சினில் மாட்டும் கனெக்டர், பிறகு பம்ப், கார்ப்பரேட்டர். டேங்கில் பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். மூடியில் உள்ள திருகைத் திறக்க மறந்தால் டேங்குக்குள் காற்றழுத்தம் குறைந்துகொண்டே போகும், ஒரு கட்டத்தில் பம்பால் இழுக்க முடியாது. எஞ்சின் சாகும். மூடியைத் தளர்த்தினால் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கும். கேட்டால் நோயைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

ரப்பர் பல்ப் நிறையச் சொல்லும். அதன்மேல் உள்ள அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். அம்பு மேல்நோக்கி இருக்கும்படி பல்பைத் தூக்கிப் பிடித்து அழுத்துங்கள். நாலைந்து அழுத்தலில் கல் மாதிரி இறுகினால் பெட்ரோல் எஞ்சின் வரை போயிருக்கிறது. எத்தனை அழுத்தினாலும் இறுகவில்லை என்றால் டேங்க் காலி, அல்லது எங்கோ காற்றை இழுக்கிறது. கனெக்டர் சரியாகப் பூட்டவில்லையா, ஹோஸில் வெடிப்பா என்று பாருங்கள். பல்ப் தானாகவே தட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தால் அடைப்பு பல்புக்கு முன்னால், அதாவது டேங்க் பக்கம். எஞ்சின் திணறும்போது பல்பை அழுத்த அழுத்த ஓடுகிறது, விட்டால் சாகிறது என்றால் எஞ்சினில் உள்ள பெட்ரோல் பம்ப் பலவீனமாக இருக்கிறது. அப்படி ஒருவர் அழுத்திக்கொண்டே வர, மற்றவர் ஓட்டி, மெதுவாகக் கரை சேர்ந்துவிடலாம். ஹோஸ்மேல் யாராவது காலோ பெட்டியோ வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். சின்ன விஷயம்தான், அடிக்கடி நடக்கிறது.

பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்தால் எஞ்சின் திணறித் திணறி ஓடும். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனம், அதனால் டேங்கின் அடியில் தங்கும்; குழாயும் அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். அளவுக்கு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் படிந்துவிடும். மாதக்கணக்கில் டேங்கில் கிடந்த பெட்ரோலை ஆற்றுப் பயணத்துக்கு எடுத்துப்போகாதீர்கள். கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து அசையாமல் வைத்தால் அடியில் தனிப்படலமாகவோ உருளும் முத்துகளாகவோ தண்ணீர் தெரிந்துவிடும்.

மூக்கில் பெட்ரோல் வாடை ஓங்கி அடித்தால், இழுத்து இழுத்து எஞ்சினுக்குள் பெட்ரோல் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். சோக்கை உள்ளே தள்ளி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு கார்ப்பரேட்டர் எஞ்சின் என்றால் சோக் இல்லாமல் ஆக்சிலரேட்டரை முழுவதும் திறந்து இழுங்கள். பிடித்ததும் உடனே குறையுங்கள். இந்த வாடை இருக்கும்போது தீப்பெட்டி வேண்டாம், பிளக்கைக் கழற்றிப் பொறி வருகிறதா என்று சோதிக்கவும் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் குளம்போலத் தேங்கி நிற்கும்.

சூட்டினால் நிற்பது ஆற்றுக்கே உரிய தொல்லை. அவுட்போர்டு எஞ்சின் ஆற்றுத் தண்ணீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்விக்கிறது. ஓடும்போது பின்னால் ஒரு மெல்லிய நீர்த்தாரை பீச்சிக்கொண்டே இருக்குமே, அது தண்ணீர் உள்ளே சுற்றுகிறது என்பதற்கான அடையாளம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பி அதைப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். தாரை நின்றால் உடனே வேகத்தைக் குறையுங்கள். ஆற்றில் மிதக்கும் பிளாஸ்டிக் பையோ பாசியோ உறிஞ்சும் துளையை மூடியிருக்கலாம். நியூட்ரலுக்கு வந்து, இரண்டு மூன்று நொடி ரிவர்ஸ் கொடுத்தால் பல நேரம் அது விலகிவிடும். விலகவில்லை என்றால் எஞ்சினை அணைத்து, தூக்கி, கையால் எடுங்கள். துளை சுத்தமாக இருந்தும் தாரை இல்லையா? தாரை வரும் துவாரத்திலேயே மண்ணோ பூச்சிக்கூடோ அடைத்திருக்கலாம். ஒரு மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் தண்ணீர் பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரம், அதாவது இம்பெல்லர், போயிருக்கும். மணல் கலந்த ஆற்றுத் தண்ணீர் அதை வேகமாகத் தேய்க்கும். அதனால்தான் ஆழமில்லாத இடத்தில் எஞ்சினைக் கொஞ்சம் தூக்கி, மெதுவாகப் போக வேண்டும். இம்பெல்லர் போன எஞ்சினை "கொஞ்ச தூரம்தானே" என்று ஓட்டினால் பிஸ்டன் இறுகிவிடும். சூடேறிய எஞ்சின்மேல் தண்ணீரை அள்ளி ஊற்றவும் கூடாது, உலோகம் வெடிக்கலாம். ஆற விடுங்கள்.

ப்ரொப்பெல்லரில் கயிறு, வலை, பாசி சுற்றியிருந்தால் எஞ்சினை அணைத்து, கில் கிளிப்பைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, பிறகுதான் கத்தி. எஞ்சின் சத்தம் ஏறுகிறது, படகு நகரவில்லை என்றால் சின்ன எஞ்சின்களில் ஷியர் பின் உடைந்திருக்கும். கல்லில் பட்டால் கியர் உடையாமல் தான் உடைந்து காப்பாற்றுவதற்கென்றே வைத்த பின் அது. உபரி பின்னும் ஒரு கட்டிங் பிளேயரும் இருந்தால் பத்து நிமிட வேலை. பெரிய எஞ்சின்களில் ப்ரொப்பெல்லருக்குள் இருக்கும் ரப்பர் புஷ் வழுக்கும். அப்போது மிக மெதுவாக ஓட்டினால் பிடிக்கும், வேகம் கொடுத்தால் வழுக்கும். மெதுவாகவே கரைக்கு வந்துவிடுங்கள்.

இழுக்கும் கயிறே அறுந்துபோனால், மேல்மூடியைக் கழற்றி, எஞ்சினின் மேலே சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலில் அவசரக் கயிற்றைச் சுற்றி இழுக்கலாம். இங்கே ஒரு எச்சரிக்கை. அப்படி ஸ்டார்ட் செய்யும்போது கியரில் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் பாதுகாப்பு பல எஞ்சின்களில் வேலை செய்யாது. நியூட்ரலா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். சுற்றும் ஃப்ளைவீல் திறந்து கிடக்கும், தலைமுடியும் தொங்கும் துணியும் கிட்டே போகக் கூடாது.

உள்ளே எஞ்சின் வைத்த படகுக்காரர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் இரண்டு வார்த்தை. பெட்ரோல் எஞ்சின் என்றால் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும் முன்பும் காற்றோட்ட விசிறியைக் குறைந்தது 4 நிமிடம் ஓட்டுங்கள். டீசல் என்றால் பெரும்பாலும் ஃபில்டர் அடைப்பு அல்லது குழாயில் காற்று. ஃபில்டரை மாற்றிக் காற்றை வெளியேற்றினால் ஓடும். ஆனால் ஸ்டார்ட் ஆகாத டீசலைத் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டே இருக்காதீர்கள். எக்ஸாஸ்ட் குழாயில் குளிர்நீரைக் கலந்து வெளியேற்றும் அமைப்பாக இருந்தால், ஒவ்வொரு சுற்றலிலும் தண்ணீர் பம்ப் வேலை செய்யும். புகை வேகம் இல்லாததால் அந்தத் தண்ணீர் வெளியேறாமல் தேங்கி, சிலிண்டருக்குள் போய்விடும். அதிகம் சுற்ற வேண்டியிருந்தால் தண்ணீர் வால்வை மூடிவிட்டு முயலுங்கள், பிடித்த நொடியில் திறந்துவிடுங்கள்.

எவ்வளவு நேரம் முயல்வது? நான் வைத்திருக்கும் கணக்கு பதினைந்து நிமிடம். அதற்குள் காரணம் பிடிபடவில்லை என்றால் உதவி கேட்டுவிட வேண்டும். பொழுது சாய்கிறது என்றால் அதற்கும் முன்பே. போனை நீர்புகாத உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருங்கள். இருக்கும் இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகையோடு சொல்லுங்கள், கடந்து வந்த பாலத்தையும் சொல்லுங்கள். வலது கரை, இடது கரை என்று சொல்வதானால், ஆறு ஓடும் திசையைப் பார்த்து நின்று சொல்வதுதான் முறை. போன் எடுக்காத இடத்தில் விசில் ஊதுங்கள். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக மேலும் கீழும் அசைப்பது எங்கும் ஏற்கப்பட்ட ஆபத்துச் சைகை. சாதாரணமாகக் கையாட்டினால் எதிரே வருபவர் வணக்கம் சொல்கிறீர்கள் என்று நினைத்துப் போய்விடுவார்.

உங்களை இன்னொரு படகு இழுத்து வந்தது என்றீர்கள். அடுத்த முறை யாராவது இழுக்க வந்தால், கயிற்றை முன்முனையில் உள்ள வலுவான வளையத்தில் கட்டுங்கள், உட்காரும் பலகையிலோ கைப்பிடியிலோ வேண்டாம். இழுக்கும் படகின் பின்னால் இரண்டு மூலையிலும் கட்டி நடுவில் சேர்த்த கயிறாக இருந்தால் அது நேராகப் போகும். நீங்கள் கொஞ்சம் பின்தள்ளி உட்காருங்கள், முனை தண்ணீருக்குள் குத்தாது. இறுகிய கயிற்றின் நேர்க்கோட்டில் யாரும் இருக்கக் கூடாது. நைலான் கயிறு அறுந்தால் சாட்டைபோலத் திரும்பி வரும்.

தயாராவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய பாதுகாப்பு காசில்லாதது: முதலில் ஓட்டத்துக்கு எதிராகப் போங்கள். உங்கள் படகு மணிக்கு 12 கிலோமீட்டர் போகும், ஆறு 4 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். எதிரே 8, கூடவே 16. எட்டுக் கிலோமீட்டர் மேலே போக ஒரு மணி நேரம், திரும்ப அரைமணிதான். வழியில் எஞ்சின் போனால் துடுப்பும் நீரோட்டமுமாகப் புறப்பட்ட துறைப் பக்கமே வந்து சேரலாம். முதலில் கீழே போனவர்களுக்கு இது தலைகீழாக இருக்கும். அரைமணியில் ஜாலியாகப் போய்விட்டு, திரும்ப ஒரு மணி நேரத்துக்கான பெட்ரோல் வேண்டும். எஞ்சின் போனால் ஆறு இன்னும் தள்ளிக்கொண்டு போகும். எரிபொருளை மூன்றாகப் பிரியுங்கள், போக ஒன்று, வர ஒன்று, கையிருப்பு ஒன்று. கையிருப்பைத் தொடும் நிலை வந்தால் திட்டத்தில் ஏதோ பிசகிவிட்டது.

கருவிப் பெட்டி பெரிதாக வேண்டாம். பிளக் ஸ்பேனரும் இரண்டு புது பிளக்கும், திருப்புளி, பிளேயர், ஷியர் பின், காட்டர் பின், உபரி கில் கிளிப், ஃபியூஸ், அவசரக் கயிறு, கொஞ்சம் கம்பி, இன்சுலேஷன் டேப், டார்ச், கத்தி, தண்ணீர் இறைக்க ஒரு வாளி. எல்லாவற்றையும் நீர்புகாத டப்பாவில் போட்டு, அது எங்கே இருக்கிறது என்று கூட வருபவர்களுக்கும் காட்டிவிடுங்கள்.

இனி உங்கள் எஞ்சின். இருபது நிமிடம் ஓடியது, திணறி நின்றது, கொஞ்ச நேரம் விட்டால் ஓடுகிறது, மறுபடி நிற்கிறது. பட்டறையில் குறையே இல்லை. மெக்கானிக்கிடம் ஒன்று கேளுங்கள்: எந்த டேங்கை மாட்டி ஓட்டிப் பார்த்தார்? பட்டறைகளில் எஞ்சினை மட்டும் வாங்கி, அங்கிருக்கும் டேங்கையும் ஹோஸையும் மாட்டிப் பார்ப்பது வழக்கம். குறை உங்கள் டேங்கில் இருந்தால் அங்கே எப்படித் தெரியும்? என் ஊகம், டேங்க் மூடியின் காற்றுத் திருகு மூடியிருந்தது, அல்லது அழுக்கு அடைத்திருந்தது. எஞ்சின் நின்று காத்திருந்த பத்து நிமிடத்தில் மூடியின் இடுக்கு வழியாகக் காற்று கொஞ்சம் கசிந்து உள்ளே போயிருக்கும், அதனால் மறுபடி ஓடியது. இதே அறிகுறியைக் காட்டும் இன்னொன்றும் உண்டு: சூடானால் மட்டும் பொறி கொடுக்காமல் போகும் இக்னிஷன் காயில். அதுவும் ஆறினால் வேலை செய்யும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க, படகை ஆழம் போதுமான ஒரு துறையில் இரண்டு கயிறு போட்டு நன்றாகக் கட்டுங்கள். உங்கள் சொந்த டேங்க், சொந்த ஹோஸ். முன்கியரில் போட்டு நடுத்தர வேகத்தில் அரைமணி நேரம் ஓட்டுங்கள். ஐட்லிங்கில் விட்டால் பெட்ரோல் அதிகம் செலவாகாது, குறை வெளியே வர நெடுநேரம் ஆகும். தண்ணீர்த் தாரை வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் திணறத் தொடங்கிய நொடியில் பல்பைத் தொட்டுப் பாருங்கள். தட்டையாக ஒட்டியிருந்தால் மூடியைத் தளர்த்துங்கள். 'உஸ்' சத்தம் வந்து எஞ்சின் தெளிந்தால் மூடியை மாற்றுவதோடு வேலை முடிந்தது. பல்ப் இறுக்கமாக இருந்தும் எஞ்சின் நின்றுவிட்டால், ஆறுவதற்குள் மெக்கானிக்கை ஸ்பார்க் டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவரை அந்த நேரத்துக்குத் துறைக்கே வரச் சொல்லிவிடுவது நல்லது.